சென்னை மாடியில் கேக்டஸ் ஏன் அழுகுகிறது? தொட்டி, குட்டி, ஒட்டு, விதை – தொடர் இழை

கேள்வி – 9 ஏப்ரல் 2023

"மேடவாக்கம், இரண்டாவது மாடி, முழு வெயில். நர்சரியில் வாங்கும் கேக்டஸ் எல்லாமே ஆறு மாதத்துக்குள் அழுகிவிடுகிறது. வாரம் ஒரு முறைதான் தண்ணீர். பாலைவனச் செடி நம் ஊர் வெயிலிலேயே வளரவில்லை என்றால் வேறு எங்கேதான் வளரும்?"

9 ஏப்ரல் 2023, இரவு

வெயில் பிரச்சினையே இல்லை. ராத்திரிதான் பிரச்சினை.

மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். கேக்டஸ் பகலில் திறந்தால் உள்ளே சேர்த்த தண்ணீர் போய்விடும். அதனால் இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து, அமிலமாக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதைச் சர்க்கரையாக்கும். இதற்கு இரவு குளிர வேண்டும். மெக்சிகோ மேட்டுநிலத்தில் பகல் எவ்வளவு கொளுத்தினாலும் இரவில் குளிர்ந்துவிடும். சென்னையில் மே மாத இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரிய விஷயம். அதோடு கடல் ஈரம் வேறு. செடி துளையைச் சரியாகத் திறக்காது, வளராது, வேரும் தண்ணீரை இழுக்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டிக்குள் வெதுவெதுப்பாக அப்படியே நிற்கும். வேர் அழுகுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாரம் ஒரு முறை என்ற கணக்கை விட்டுவிடுங்கள். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சியின் நிறம் கொஞ்சம் கறுத்திருந்தாலும் தண்ணீர் வேண்டாம்.

10 ஏப்ரல் 2023

தொட்டியில் என்ன மண் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். "பழுப்பாக, பஞ்சு மாதிரி" என்று பதில் வந்திருக்கிறது. தேங்காய் நார்த்தூள். நர்சரிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. லாரியில் ஏற்றி அனுப்ப எடை குறைவாக இருக்க வேண்டும், விற்கிற வரை செடி உயிரோடு இருந்தால் அவர்களுக்குப் போதும். மேற்கு வங்கத்தில் கலிம்போங் பக்கத்து மலையில் வளர்த்து அனுப்பும்போது அந்த நார்த்தூளால் பெரிய தொல்லை இல்லை. நம் ஊருக்கு வந்த பிறகு மேலே காய்ந்தும் நடுவில் ஈரமாகவும் கிடக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ கட்டியாகி, ஊற்றும் தண்ணீரை ஓரமாக வழியவிட்டுவிடும்.

வாங்கிய அன்றே தொட்டியிலிருந்து எடுங்கள். மேலே கூழாங்கல் பசை போட்டு ஒட்டியிருந்தால் உடைத்து எடுங்கள். செடியின் தலையில் கலர் காகிதப்பூ ஒட்டியிருந்தால் சூடான பசையால் தோல் புண்ணாகியிருக்கும், அந்தச் செடியை வாங்கவே வேண்டாம். நார்த்தூளை விரலால் உதிர்த்து, விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைத் தண்ணீரில் அலசி எடுத்து, வேரை நாலைந்து நாள் நிழலில் காயவிடுங்கள். பயப்பட வேண்டாம், கேக்டஸுக்கு அந்தப் பட்டினி ஒன்றும் செய்யாது. அறுந்த வேர் ஆறுவதற்கு அந்த ஓய்வு அவசியம்.

15 ஏப்ரல் 2023

மண் கலவை கேட்டு நிறையப் பேர். என் மாடியில் ஓடுவது இதுதான்: செங்கல் உடைத்த சன்னச் சில்லு இரண்டு பங்கு, அலசிய பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு. சில்லு உளுந்து அளவிலிருந்து கடலை அளவுக்குள் இருக்கட்டும். தூள் முழுவதையும் சலித்துத் தள்ளிவிடுங்கள். எம்-சாண்டில் மாவு அதிகம், அதை நன்றாகக் கழுவாமல் போட்டால் சிமென்ட் மாதிரி இறுகும். பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் துகள்) கிடைத்தால் சேர்க்கலாம், ஆனால் ஆடிக்காற்றில் மேலே மிதப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

தொட்டி மண்தொட்டியாக இருப்பது நல்லது. செடியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். "வளரட்டும்" என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

7 மே 2023

கத்திரி ஆரம்பித்தாகிவிட்டது. இப்போது யாரும் தொட்டி மாற்றாதீர்கள், குட்டி பிரிக்காதீர்கள், உரம் போடாதீர்கள். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய தொட்டிகளை நகர்த்துங்கள், ராத்திரி பத்து மணிக்குக்கூட அந்தச் சுவர் கொதிக்கும். தண்ணீர் கொடுப்பதாக இருந்தால் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகு, அதுவும் கொஞ்சம்தான். செடி லேசாகச் சுருங்கினால் சுருங்கட்டும்.

வெயில் பட்டு வெளுத்த இடம் முதலில் மஞ்சள், பிறகு காக்கி நிறத்தில் கெட்டியாகும். அந்தத் தழும்பு போகாது, ஆனால் பரவவும் பரவாது. அதை அழுகல் என்று நினைத்து அறுக்க வேண்டாம். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் தழும்பு. அமுங்கினால் அழுகல்.

8 மே 2023

வாஸ்து பற்றிக் கேட்டவருக்கு: வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அதற்குத் தேவையான வெளிச்சம் கிடையாது.

25 ஜூன் 2023

குட்டி பிரிப்பது. முதலில் எக்கினாப்சிஸ், மாமில்லேரியா என்ற கேக்டஸ் வகைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தாய்ச்செடியைச் சுற்றித் தாராளமாகக் குட்டி போடும். எக்கினாப்சிஸ் குட்டி பெரிய நெல்லிக்காய் அளவு வந்ததும் இடுக்கியால் பிடித்து லேசாகத் திருகினால் கையோடு வரும். பல குட்டிகளுக்குத் தாயோடு இருக்கும்போதே வேர் விட்டிருக்கும்.

பிரித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் வெளிர்பச்சை வட்டம், அதில் ஈரம் மின்னும். இரண்டாம் நாள் மங்கும். ஒரு வாரத்தில் உள்வாங்கிக் குழிந்து, விரலால் தட்டினால் அட்டை மாதிரி சத்தம் வரும். அதுவரை மண்ணில் வைக்கக் கூடாது. பெரிய தூண் கேக்டஸை வெட்டி வைப்பதானால் வெட்டுவாய் ஆற மூன்று வாரம்கூட ஆகும், நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போட்டால் பக்கவாட்டில் வேர் கிளம்பும்.

ஆறியதும் காய்ந்த கலவையின் மேல் உட்கார வையுங்கள், புதைக்க வேண்டாம். தண்ணீர் எப்போது? வேர் வந்த பிறகு. வேர் எப்படி வரும் தண்ணீர் இல்லாமல் என்று வழக்கமாகக் கேட்பார்கள். தண்ணீரைத் தேடித்தான் வேர் வரும், குட்டியின் உடம்பிலேயே அதற்குப் போதுமான ஈரம் இருக்கிறது. சென்னைக் காற்றின் ஈரமே கூடுதல்.

2 ஜூலை 2023

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கடுகு அளவு மாமில்லேரியா குட்டிகளுக்கு இந்தப் பட்டினி வைத்தியம் ஒத்துவராது. வெட்டுவாய் சிறியது, இரண்டு நாளில் ஆறிவிடும். அதன் பிறகு கலவையின் மேல் லேசாகத் தெளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து சருகாகிவிடும். குட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு காத்திருங்கள்.

16 ஜூலை 2023

"பால்கனியில் வெயிலே இல்லை, கேக்டஸ் ஆசை மட்டும் இருக்கிறது" என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, கேக்டஸ் எல்லாமே பாலைவனத்துச் செடி இல்லை. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று வைத்திருப்பது மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வளரும் கேக்டஸ்தான். நிழல், மக்கு உரம், முறையான தண்ணீர் எல்லாம் கேட்கும். இலை மாதிரித் தட்டையாக இருப்பது உண்மையில் தண்டு. ஒரு சாண் நீளம் வெட்டி, சில நாள் ஆறவிட்டு, அடிப்பாகம் கீழே வருமாறு ஊன்றினால் வேர் பிடிக்கும். மொட்டு தலையைத் தூக்கி வளைந்து உப்பினால் அன்றிரவு பூக்கும். ஒன்பது பத்து மணிக்கு வாசலில் கூட்டம் கூடும், கற்பூரம் காட்டுவார்கள், விடியும்போது துவண்டிருக்கும்.

இன்னொன்று ரிப்சாலிஸ். நூல் நூலாகத் தொங்கும், முள்ளே இருக்காது, வெண்முத்துக் காய் காய்க்கும். கேக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. இந்த ஒரே வகை மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கைக் காடுகளிலும் தானாக வளர்கிறது. தொங்குதொட்டியில் வைத்தால் உங்கள் பால்கனிக்குப் பொருத்தம்.

6 ஆகஸ்ட் 2023

சிவப்பு, மஞ்சள் தலை வைத்த கேக்டஸ் ஏன் இரண்டு வருடத்தில் செத்துப்போகிறது?

அது ஒரு செடி இல்லை, இரண்டு. மேலே இருக்கும் கலர் உருண்டை ஜிம்னோகாலிசியம் என்ற கேக்டஸ் வகையில் பச்சையமே இல்லாமல் பிறந்தது. 1940-களில் ஜப்பானில் விதை நாற்றுகளிடையே இப்படிச் சிவப்பாகக் கிடைத்ததை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றினார்கள், அதன் வாரிசுகள்தான் இன்று உலகமெங்கும் விற்பவை. தனியாக மண்ணில் வைத்தால் பட்டினியில் சாகும். கீழே முக்கோணமாக இருப்பது டிராகன் பழச் செடியின் தண்டு, மேலே உள்ளதற்கும் சேர்த்து அதுதான் சமைக்கிறது. எனவே இதைக் காய வைக்காதீர்கள், டிராகன் பழத்துக்கு எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு. உச்சிவெயில் மட்டும் வேண்டாம். கீழ்த்தண்டிலிருந்து பச்சைத் துளிர் கிளம்பினால் உடனே கிள்ளுங்கள், விட்டால் சத்தெல்லாம் அதற்கே போகும்.

கீழ்த்தண்டு மரத்துச் சுருங்கினால் புதிதாக ஒட்டிவிடலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல செடி கிடையாது. ஒரு சாண் டிராகன் தண்டு, வேர் பிடித்து நன்றாகத் தண்ணீர் குடித்துப் புடைத்திருக்க வேண்டும். புது பிளேடு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது. தலையைச் சமமாகச் சீவுங்கள். மூன்று விளிம்புகளையும் சாய்வாகச் சீவுங்கள், ஏனென்றால் காயும்போது சதை உள்வாங்கும், தோல் உள்வாங்காமல் தூக்கி நின்று மேல்தலையைத் தள்ளிவிடும். மேல் உருண்டையின் அடியையும் சீவுங்கள். இப்போது இரண்டு வெட்டிலும் நடுவே ஒரு சின்ன வளையம் தெரியும். நீர் போகும் குழாய்கள் அதில்தான் இருக்கின்றன. இரண்டு வளையமும் ஓரிடத்திலாவது தொட்டாக வேண்டும். மையத்தோடு மையம் வைத்தால் சில சமயம் சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் எங்குமே தொடாமல் உட்கார்ந்துவிடும். அளவு வேறாக இருந்தால் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வையுங்கள். வைத்ததும் லேசாகத் திருகி அழுத்தினால் இடையில் இருக்கும் காற்று வெளியேறும். ரப்பர்பேண்ட் இரண்டு, தொட்டியின் அடியைச் சுற்றிக் குறுக்காக. ஒரு வாரம் நிழல், வெட்டின மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

20 ஆகஸ்ட் 2023

"எங்கள் தோட்டத்து வேலியில் இருக்கும் சதுரக்கள்ளியில் ஒட்டலாமா?"

முடியாது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் கேக்டஸே இல்லை, யூபோர்பியா, ஆமணக்கின் உறவு. வெட்டினால் பால் வரும். கேக்டஸில் பொதுவாக அந்த மாதிரிப் பால் வராது, முள் கிளம்பும் இடத்தில் ஒரு சின்னப் பஞ்சுத்திட்டு இருக்கும். கள்ளியை வெட்டி வைப்பதும் வளர்ப்பதும் கிட்டத்தட்ட இதே முறைதான், ஆனால் வெட்டியதும் தண்ணீரில் முக்கிப் பால் நிற்கும்வரை கழுவுங்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

17 செப்டம்பர் 2023

சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருப்பதாகப் படம் போட்டிருக்கிறார் ஒருவர். மாவுப்பூச்சியா என்று கேள்வி. ஒரு குச்சியால் அந்தப் பஞ்சை நசுக்கிப் பாருங்கள். கருஞ்சிவப்பாகச் சாறு வந்தால் அது கொச்சினீல், சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சி.

இதன் கதை நம் சைதாப்பேட்டையில் நடந்தது, சொல்லாமல் போக மனமில்லை. அந்தச் சிவப்புக்காகத்தான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே கள்ளித் தோட்டம் போட்டார். மெக்சிகோவின் சாயத்தில் ஸ்பெயின் கொழித்துக்கொண்டிருந்தது, அதை மெட்ராஸில் விளைவிக்க வேண்டும் என்று ஆசை. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் வகை இல்லை. சாயம் தேறவில்லை, பூச்சி கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. அப்புறம் வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியா முழுக்க நிலங்களை அடைத்துக்கொண்டபோது, 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் வகையை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். சில வருடங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. சாயத்துக்கு வந்த பூச்சியின் உறவு கடைசியில் களை எடுக்க வந்தது.

உங்கள் தொட்டிச் செடிக்கு: குழாயைப் பீய்ச்சி அடியுங்கள், மிச்சத்தைப் பழைய பல்தேய்ப்பானால் தேய்த்து எடுங்கள். மற்ற கேக்டஸில் வரும் சாதாரண மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. வேப்பெண்ணெய் அடித்தால் மாலையில் அடித்து இரண்டு நாள் நிழலில் வையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சியின் தேனுக்காக எறும்புதான் அதைக் காவல் காத்துச் செடிவிட்டுச் செடி கொண்டுபோகும்.

சப்பாத்திக்கள்ளியின் சுணை கையில் ஏறினால் தேய்க்கக் கூடாது. பெரியதை இடுக்கியால் எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேல் மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவிக் காயவிட்டு உரித்தால் நிறைய வந்துவிடும்.

15 அக்டோபர் 2023

பருவமழை வரப்போகிறது. மேலே பாலித்தீன் ஷீட், நான்கு பக்கமும் திறந்து. பக்கங்களை மூடினால் உள்ளே ஆவியில் வேகும்.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் மழைக்குப் பிறகு இப்போதுதான் நெட் வந்தது. எல்லோரும் பத்திரம் என்று நம்புகிறேன். ஷீட் பறந்தவர்கள், தொட்டி முழுகியவர்கள் இன்றே செய்ய வேண்டியது: எல்லாத் தொட்டியையும் சாய்த்து வடியவிடுங்கள். ஒவ்வொரு செடியின் கழுத்தையும், அதாவது மண்ணைத் தொடும் இடத்தை, விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அதே நிமிடம் எடுத்து வெட்டுங்கள். வெட்டில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும், அந்த நடு வளையத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தாலும், கத்தியைத் துடைத்துவிட்டு மேலே இன்னும் ஒரு சீவல். சுத்தமான வெளிர்பச்சை வரும்வரை. உச்சியில் எலுமிச்சை அளவு மிஞ்சினால்கூடப் பிழைக்கும், பூசணக்கொல்லித் தூளோ கந்தகத் தூளோ தடவிக் காற்றோட்டமான நிழலில் ஆறவிடுங்கள். எலுமிச்சையைவிடச் சிறியதாக மிஞ்சினால் டிராகன் தண்டில் ஒட்டுங்கள், ஆகஸ்ட் குறிப்பைப் பாருங்கள்.

14 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்து. இப்போது தண்ணீர் கொடுங்கள்!

இணையத்தில் எங்கே படித்தாலும் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்து என்று இருக்கும். அது பனி பெய்யும் ஊர்க்காரர்கள் எழுதியது. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடிக்காரர்களுக்கு மார்கழி பாதியிலிருந்து பங்குனி வரைதான் வளரும் காலம். இரவு 20, 21 டிகிரி, வானம் தெளிவு. உச்சியில் புது முள் பளபளவென்று கிளம்பும் பாருங்கள், அதுதான் அடையாளம். தொட்டி மாற்றுவது, குட்டி பிரிப்பது, உரம் எல்லாம் இப்போதே. ஜூனில் நான் குட்டி பிரிப்பதைப் பற்றி எழுதியது கேள்வி அப்போது வந்ததால். அவசரமில்லாதவர்கள் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோவை, ஓசூர்க்காரர்களுக்கு ராத்திரிகள் வாய்த்திருக்கின்றன, அவர்கள் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

11 பிப்ரவரி 2024

விதை. எனக்கு இதில்தான் உயிர்.

கேக்டஸ் விதை மிகச் சிறியது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மேலே மண் போட்டு மூடாதீர்கள். கலவையைச் சன்னமாகச் சலித்து, ஈரமாக்கி, குக்கரில் ஆவி காட்டி ஆறவையுங்கள் (இதற்கென்று பழைய பாத்திரம் ஒன்று ஒதுக்கிவிட்டால் வீட்டில் சண்டை வராது). சின்னத் தொட்டியில் நிரப்பி, மேலே விதையைத் தூவி, தொட்டியோடு ஜிப் கவரில் போட்டு மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் கவருக்குள் வெந்துவிடும். ஆஸ்ட்ரோஃபைட்டம் என்ற கேக்டஸ் வகை மூன்றாம் நான்காம் நாளே முளைக்கும். முதலில் பச்சைமணி ஒன்று, கொஞ்ச நாளில் அதன் உச்சியில் உருப்பெருக்கிக் கண்ணாடியில் மட்டும் தெரியும் வெள்ளை முடி. அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. பாசி படர்ந்தாலோ ஒரு நாற்று சாய்ந்தாலோ கவரைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில மாதம் மூடியே இருக்கலாம். பிறகு ஒரே நாளில் வெளியே எடுக்காமல், வாரத்துக்குக் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

சொந்த விதை வேண்டுமென்றால் ஒரு சிக்கல். ஆஸ்ட்ரோஃபைட்டம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதையிலிருந்து வந்த இரண்டு வெவ்வேறு செடி ஒரே நாளில் பூக்க வேண்டும், மெல்லிய தூரிகையால் மாற்றித் தடவ வேண்டும். ஒரே தாயின் குட்டிகள் இரண்டு வைத்திருந்தால் பலனில்லை, இரண்டும் ஒரே செடிதான்.

இந்தத் தொல்லையெல்லாம் இல்லாத செடி மெலோகாக்டஸ். கரீபியக் கடற்கரைகளில் வளர்வது. சூடான ராத்திரி, உப்புக்காற்று இரண்டுமே அதற்குச் சொந்த ஊர் மாதிரி, குளிர்தான் ஆகாது. சென்னைக்காரர்கள் முதலில் வாங்க வேண்டியதே இதுதான். வளர்ந்ததும் தலையில் கம்பளித் தொப்பி மாதிரி ஒன்று கட்டும். அதன் பிறகு உடம்பு பெருக்காது, தொப்பி மட்டும் உயரும். பல வகைகள் தானே கருவுறும். ஒரு நாள் காலையில் பார்த்தால் தொப்பியிலிருந்து இளஞ்சிவப்புக் காய் துருத்திக்கொண்டிருக்கும். எடுத்துப் பிதுக்கினால் பளபளக்கும் கறுப்பு விதைகள். கழுவி, காயவைத்து, போட்டால் முளைக்கும்.

தங்கப் பீப்பாய் கேக்டஸ் கேட்டவருக்கும் விதைதான் வழி, அது லேசில் குட்டி போடாது. உலகமெங்கும் தோட்டங்களில் இருக்கும் இந்தச் செடி தன் சொந்த மண்ணில், மெக்சிகோவின் கெரெத்தாரோ, இதால்கோ பள்ளத்தாக்குகளில், அழியும் நிலையில் இருக்கிறது. 1990-களில் சிமாப்பான் அணை அதன் இடத்தில் பெரும்பகுதியை மூழ்கடித்தது. காட்டிலிருந்து பிடுங்கியும் விற்றிருக்கிறார்கள். அதனால் விதையில் வளர்ந்த செடியை மட்டும் வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

12 பிப்ரவரி 2024

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது பற்றி: கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதுமே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ், அரியோகார்பஸ் போன்றவை இன்னும் கடுமையான முதல் பட்டியலில். தகுந்த அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வரவழைக்காதீர்கள். இங்கேயே விதை போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

2 ஜூன் 2024

தொட்டி விளிம்பிலும் செடியின் அடியிலும் வெள்ளை உப்புப் படிவது போர்வெல் தண்ணீரால். ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாமா என்று மூன்றாவது ஆள் கேட்கிறார்: கேக்டஸுக்கு வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல், தரை கழுவப் பயன்படுத்துங்கள். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள், கொசு போகாமல். அது தீர்ந்தால் போர்வெல் தண்ணீர் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் வினிகர் போதும்.

முதல் கேள்வி கேட்ட மேடவாக்கம் தம்பிக்கு: மெலோகாக்டஸ் நாற்றுகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். வேர் வெறுமையாக, செய்தித்தாளில் சுற்றி வரும், வழியில் வியர்த்துவிடும் என்பதால் பிளாஸ்டிக்கில் கட்டமாட்டேன். வந்ததும் இரண்டு நாள் நிழலில் வைத்து, பிறகு நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். மற்ற கேக்டஸ் மாதிரி மாதக்கணக்கில் மெலோகாக்டஸைக் காயப்போடாதீர்கள், அதன் வேர் காய்ந்தால் திரும்ப வளர நாளாகும். குச்சி அடிவரை காய்ந்ததும் ஊற்றுங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள், பொதுவில் வேண்டாம்.